ஒன்பது பாயிண்ட் இடைவெளி

21.01.2019 – பிளாக் வரவு. தேய்ந்த அளவு: 69.12, 69.15, 69.14, 69.10
09.02.2019 – ஸ்லீவ் நான்கு இறக்கியது. ரூ. 6,400
04.03.2019 – பிஸ்டன் நான்கு: 68.16, 68.16, 68.17, 68.16
14.03.2019 – போர்: 68.25, 68.25, 68.26, 68.25. இடைவெளி நான்கிலும் 0.09. கூலி ரூ. 4,800
16.06.2019 – ஏழாவது சுற்றில் நின்றது

இதில் நான்காவது வரி பொய். நாற்பது வருடங்களில் ஐம்பத்து மூன்று நோட்டுகளை நிரப்பிய மாதேஸ்வரன் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அவருடைய பட்டறை திருச்செங்கோட்டில், சங்ககிரி சாலையில் இருக்கிறது. பதினெட்டுக்கு இருபத்து நான்கு அடி, சிமெண்ட் ஓட்டுக் கூரை, கிழக்குப் பார்த்த ஷட்டர். தேய்ந்துபோன எஞ்சின் சிலிண்டரை மறுபடியும் வட்டமாகக் கடைந்து, புதுப் பிஸ்டனுக்குப் பொருந்தும்படி செய்துகொடுப்பது தொழில். வாசல் பலகையில் 'மாதேஸ்வரன் போரிங் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊரில் இப்படிப் பலகை வைத்தால் என்ன ஆகும்? மாதத்துக்கு ஒரு விவசாயியாவது மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்.

"ஏனுங்க, ஆயிரம் அடி போர் போட என்ன ரேட்டுங்க?"

"நான் போடற போரு ஒரு அடிக்கு மேல எறங்காதுங்க" என்பார் மாதேஸ்வரன். "அதுல தண்ணி வந்துச்சுன்னா என்னைய ஒதைக்க வருவாங்க."

வந்தவர் விழிப்பார், பலகையைத் திரும்பப் பார்ப்பார், சிரித்துவிட்டுப் போவார். அப்படி வந்தவர்களின் கணக்கும் நோட்டில் உண்டு. 2018-இல் பதினான்கு பேர்.

நோட்டு எழுதுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சிலிண்டருக்குள் அளவுக் கேஜை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், நெடுக்கில் ஒரு தடவையும் குறுக்கில் ஒரு தடவையும் வைத்துப் பார்ப்பார். கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, கேஜ் சிலிண்டருக்குள் இருக்கும்போதே எழுதுவார். வெளியே எடுத்துவிட்டு ஞாபகத்தில் எழுதுவது கிடையாது. "வெளிய எடுத்தா அது ஞாபகம், உள்ள இருந்தாத்தான் அளவு" என்பது அவர் பேச்சு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை இந்தத் தொழிலில் பாயிண்ட் என்பார்கள். தலைமுடி ஏழு பாயிண்ட் இருக்கும். மாதேஸ்வரன் ஒரு பாயிண்ட்டுக்கும் அரை பாயிண்ட்டுக்கும் வித்தியாசம் பார்க்கிற ஆள்.

மனைவி பெருமாயிக்கு இதெல்லாம் கேலி. "பால்காரன் ஊத்துன தண்ணி எத்தனை சொட்டுன்னு எழுதற மனுசனுங்க இவரு" என்று உறவுக்காரர்களிடம் சொல்வாள். எழுதியும் வைத்திருந்தார், சொட்டுக் கணக்கில் இல்லை, லாக்டோமீட்டர் கணக்கில்.

அந்த நோட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. பிஸ்டன் உடைந்து லாரி வழியில் நின்றுவிட்டால், கடைக்காரனுக்கும் மெக்கானிக்குக்கும் சண்டை வரும். இரண்டு பேரும் மாதேஸ்வரன் பட்டறைக்கு வருவார்கள். அவர் வண்டி எண்ணைக் கேட்டு, நோட்டைத் தேடி எடுத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அத்தோடு சண்டை முடியும். அவர் வாயால் தீர்ப்புச் சொன்னதே இல்லை.

நோட்டை எல்லோரையும்விட அதிகம் நம்பியவன் அங்கமுத்து. ஆட்டையாம்பட்டிக்காரன், மாதேஸ்வரனைவிட ஆறு வயது சின்னவன். இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்ததில் இரண்டு காதும் போய்விட்டது. ஊர் திரும்பி, சேலத்தில் ஒரு ஷெட்டில் பழைய கார் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையில் சேர்ந்தான். எஞ்சின் ஓடும்போது வால்வு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுவான். மாதேஸ்வரனோடு அவனுக்குப் பேச்சு என்பது பாதி கத்தலும் பாதி எழுத்தும். மற்றவர்கள் காதில் கேட்பதை அவன் நோட்டில் படித்துக்கொள்வான். போன் பேச முடியாது. அவசரமில்லாத விஷயத்துக்குக் கார்டு எழுதிப்போடுவான்.

அவன் வேலை செய்த ஷெட்டுக்கு அடிக்கடி வருகிறவர் குருமூர்த்தி. சேலத்தில் பட்டு வியாபாரம். பழைய கார் என்றால் உயிர். 2018 கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோழித்தீவனக் கிடங்கிலிருந்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்றை வாங்கி வந்தார். 1971-இல் யாரோ கையாலேயே கட்டியது. சோழவரம் பந்தயங்களில் ஓடியிருக்கிறது. உள்ளே இருந்தது ஃபியட் ஆயிரத்து நூறு சி.சி. எஞ்சின். அடுத்த ஜூனில் கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ஓட்டப்பாதையில் பழைய கார்களுக்கு ஒரு ஓட்டம் நடக்கவிருந்தது. அதில் ஓட்டிவிட வேண்டும் என்பது குருமூர்த்தியின் ஆசை. போரிங் மாதேஸ்வரன், பூட்டுவது அங்கமுத்து என்று முடிவாயிற்று.

நாலு சிலிண்டரும் அடங்கிய எஞ்சின் பிளாக் வந்த அன்றைக்கே மாதேஸ்வரன் அளந்து பார்த்தார். முன்பே ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்ட சிலிண்டர்கள். அதற்கு மேலும் தேய்ந்திருந்தன.

"அறுபத்தொன்பதரைக்கு ஏத்திடலாமா மேஸ்திரி?" என்று கேட்டார் குருமூர்த்தி. "பெருசா இருந்தா பவரும் கூடும் இல்லீங்களா?"

"சுவரு காயிதமாட்டம் ஆயிடுமுங்க. அதில்லாம, அறுபத்தொன்பது வெச்சாலே ஆயிரத்து நூத்தி இருபத்தொரு சி.சி. வருது. உங்க ஓட்டம் எத்தனைக்குள்ளீங்க?"

குருமூர்த்தி விதித்தாளைப் புரட்டினார். ஆயிரத்து நூறுக்குள் என்று இருந்தது.

"அப்ப உள்ளுக்குள்ள இரும்புக் குழாயாட்டம் ஸ்லீவ் எறக்கி, அறுபத்தெட்டே காலுக்கு வெச்சுக்கலாமுங்க. ஆயிரத்துத் தொண்ணூத்தேழரை வரும்."

அங்கமுத்து உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "கணக்குன்னா அண்ணன்தானுங்க!" என்று சாலை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

சிலிண்டர் விஷயம் அப்படிச் சுளுவாக முடிந்தது. பிஸ்டன் விஷயத்தில்தான் பேச்சு முட்டியது. அந்த அளவில் வார்ப்புப் பிஸ்டன் கோயம்புத்தூரில் ஐயாயிரத்து இருநூறுக்குக் கிடைக்கும், அதுவே போதும் என்றார் மாதேஸ்வரன். குருமூர்த்தி இங்கிலாந்திலிருந்து அச்சில் அடித்துச் செய்த பிஸ்டன்தான் வேண்டும் என்றார். அறுபத்தோராயிரம். "நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்தற எஞ்சின், மேஸ்திரி. வார்ப்பு தாங்காது." அவர் சொன்னது சரிதான். ஆனால் தன் பேச்சு எடுபடாமல் போனது மாதேஸ்வரனுக்கு உள்ளே எங்கேயோ உறுத்தியது.

மார்ச் நான்காம் தேதி பிஸ்டன்கள் வந்தன. கூடவே ஒரு தாள். அடித்துச் செய்த பிஸ்டன் சூட்டில் வார்ப்பைவிட அதிகம் விரியும், ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒன்பது பாயிண்ட் இடைவெளி விட வேண்டும் என்று அதில் இருந்தது. மாதேஸ்வரன் பிஸ்டன்களை அளந்தார், தராசில் நிறுத்தார், எதை எந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்டு வைத்தார். ஒன்பது என்ற எண்ணைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

லாரிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. போர் பண்ணிப் பூட்டிய எஞ்சின் டைட்டாக இருக்க வேண்டும். முதலாளி வந்து கம்பியைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார். சுலபமாகச் சுற்றினால் முகம் சுருங்கும். இரண்டு ஆள் தொங்கியும் சுற்றவில்லை என்றால் கூலியோடு டீக்காசும் கொடுப்பார். அப்புறம் டிரைவர் லோடு ஏற்றாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்குவார். அதற்குள் டைட் தானாகத் தளர்ந்து கணக்கான இடத்துக்கு வந்துவிடும். 'மாதேஸ்வரன் போர் தட்டாது' என்று நாமக்கல் வரைக்கும் பேர். தளர்ந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் டக் டக் என்று தட்டும் சத்தம் அவருக்கு வசவு மாதிரி. அந்த அளவுப் பிஸ்டனுக்கு நாற்பது வருடமாக அவர் விட்டுவந்தது நாலு, மிஞ்சினால் ஐந்து பாயிண்ட்.

பந்தயக் காரை இரண்டாயிரம் கிலோமீட்டர் யார் பழக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். கடைந்து முடித்து, சாணைக்கல்லால் சிலிண்டரை மெருகேற்றிக்கொண்டிருந்தார். இடைவெளி ஐந்துக்குப் பக்கம் என்று கேஜ் காட்டியது. இன்னும் நாலு பாயிண்ட் தேய்க்க வேண்டும். கல்லை எடுத்துவிட்டார். 'சூட்டுல விரியும்னு எளுதியிருக்கான், விரிஞ்சா எண்ணெய் இருக்குது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்லதுக்குத்தான் செய்தார். குருமூர்த்தி வந்து சுற்றிப் பார்த்து லூஸ் என்று சொல்லிவிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

நோட்டை எடுத்தபோதுதான் சிக்கல். ஐந்து என்று எழுதினால் குருமூர்த்தி தாளைக் காட்டி மறுபடி தேய்க்கச் சொல்வார். வீண் பேச்சு. தாளில் இருந்ததையே எழுதினார். கேஜ் அப்போது சிலிண்டருக்குள் இல்லை, மேசை மேல் கிடந்தது. நான்கு சிலிண்டரும் சரியாக எவ்வளவில் நின்றன என்பதை அவர் எங்குமே எழுதவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் பிளாக்கை எடுத்துப்போக அங்கமுத்து வந்தான். வளையம் மாட்டாத பிஸ்டனை எண்ணெய் தடவி, முதல் சிலிண்டருக்குள் விட்டு, விரலால் மெல்ல அழுத்தினான். மறுபடி வெளியே எடுத்தான். இரண்டாவதில் விட்டான். நாலிலும் பார்த்தான்.

"ஏனுங்ணா, ஒம்போது மாதிரி தெரியலீங்களே!" என்று கத்தினான். "கையில புடிக்குதுங்ணா!"

மாதேஸ்வரன் மேசைக்குப் போனார். நோட்டைத் திருப்பி அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

அங்கமுத்து குனிந்து படித்தான். சிரித்தான். "செரிங்ணா. வயசாச்சுல்லீங்க, கை மரத்துப்போச்சாட்டம் இருக்குது!" என்று தன் கையையே தட்டிக்கொண்டு பிளாக்கை வேனில் ஏற்றினான்.

ஷெட்டில் நாற்பது நிமிடம் எஞ்சின் ஓடியது. தட்டவில்லை. 'தையல் மிஷினாட்டம் ஓடுதுங்ணா' என்று அங்கமுத்து கார்டு எழுதினான். ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, ஓட்டப்பாதையில் ஏழாவது சுற்றில் பின் சக்கரங்கள் திடீரென்று பூட்டிக்கொண்டன. கார் ஒன்றரைச் சுற்று சுழன்று மணலில் போய் நின்றது. குருமூர்த்திக்குக் காயமில்லை. நாலு பிஸ்டனும் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். குருமூர்த்தி ஒரு பழைய வேட்டித் துண்டைப் பிரித்து நாலு பிஸ்டனையும் மேசை மேல் வைத்தார். இரண்டு பக்கமும் சமமாகக் கீறல். மாதேஸ்வரனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எண்ணெய் போகாத பிஸ்டன் அப்படிக் கீறாது. இடமில்லாமல் நெருக்கப்பட்ட பிஸ்டன்தான் அப்படிக் கீறும்.

"மேஸ்திரி, உங்க நோட்டை எடுங்க" என்றார் குருமூர்த்தி.

எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். குருமூர்த்தி தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"பாரு அங்கமுத்து. பேப்பர்ல ஒன்பது. நோட்டுல ஒன்பது. போர்ல தப்பில்ல. அப்ப எங்க தப்பு?"

"ஆயில் நல்லாப் போச்சுங்க!" அங்கமுத்துவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "பிரஷர் நானே பாத்தனுங்க. கார்புரேட்டர் ஜெட்டும் நானேதானுங்க கழுவுனேன்." மாதேஸ்வரன் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்ணா."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் அவருக்கு இருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. அங்கமுத்துவின் கண்கள் அவர் உதட்டின் மேலேயே இருந்தன.

"நோட்டுல இருக்கறதுதான்" என்றார் மாதேஸ்வரன்.

குருமூர்த்தி கெட்டவர் இல்லை. கத்தவில்லை, நஷ்டம் கேட்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, 'போரிங் துல்லியம், பூட்டியதில் கோளாறு, காது கேட்காதவரிடம் கொடுத்தது என் தவறு' என்று எழுதினார். அவ்வளவுதான். குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஆகஸ்ட்டில் அதே பிளாக் மறுபடி மாதேஸ்வரனிடம் வந்தது. கீறல் விழுந்த ஸ்லீவ்களைத் தானே பெயர்த்தெடுத்துக் காயலான் கடைக்குப் போட்டார். புது ஸ்லீவ், புதுப் பிஸ்டன். இந்த முறை ஒன்பது என்றால் ஒன்பது. கேஜ் உள்ளே இருக்கும்போதே எழுதினார். கோயம்புத்தூரிலிருந்து வந்த வேறொரு மெக்கானிக் பூட்டினான். எஞ்சின் அருமையாக ஓடியது. 'பாத்தீங்களா, அதே போர், அதே நோட்டு. கைதான் வேற' என்று ஊர் பேசியது. தான் ஒழுங்காகச் செய்த வேலை அங்கமுத்துவின் தலையில் இன்னொரு கல்லாக விழுந்ததை மாதேஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அங்கமுத்துவிடம் யாரும் எஞ்சின் கொடுக்கவில்லை. ஷெட்காரரும் தயங்கித் தயங்கி நிறுத்திக்கொண்டார். கொரோனாவில் ஒரு வருடம் வீட்டிலேயே கிடந்தான். 2021 பிப்ரவரியில், அறுபத்திரண்டு வயதில், மறுபடி ரிக் வேலைக்கென்று ராய்ப்பூருக்கு ரயில் ஏறினான். போவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து, "வாரனுங்ணா" என்று மட்டும் கத்திவிட்டுப் போனான். அன்றைய தேதியில் நோட்டில் இரண்டு லாரிப் பிளாக்கின் அளவும், 'மழை இல்லை' என்பதும் இருக்கின்றன.

2024 ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி பேத்தி அபிநயாவின் சீருக்கு முறுக்குச் சொல்ல, மாதேஸ்வரனும் பெருமாயியும் ஆட்டையாம்பட்டிக்குப் போனார்கள். முறுக்குக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அங்கமுத்துவின் மனைவி மாரக்காள்.

"நல்லாருக்கீங்களாங்ணா? அக்கா, ஊடு வரைக்கும் வந்துட்டுப் போங்க, பக்கந்தான்."

"ஆளு எப்புடி இருக்கறாரு?" என்று பெருமாயி கேட்டாள்.

"இருக்கறாருங்க. வருசத்துக்கு ஒருக்கா வாராரு. காயிதந்தான் போடறாரு, போனு எங்க கேக்குது?" மாரக்காள் மாதேஸ்வரனைப் பார்த்தாள். "ஊரே அவரைக் குத்தஞ் சொல்லுச்சுங்ணா. நீங்க ஒருத்தருதான் ஒரு சொல்லுச் சொல்லலீங்க. அதை அவரு இன்னும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கறாரு."

நூறு முறுக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்த மாதேஸ்வரன் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பஸ் போயிற்று. பெருமாயி அவரை உலுக்கினாள். அப்போதுதான் சொன்னார். ஐந்து வருடமும் ஐந்து மாதமும் பதினொரு நாளும் யாரிடமும் சொல்லாதது.

பெருமாயி அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப எம்பட பால் கணக்குலயும் இப்புடித்தானா?" என்றாள். கேலியாகச் சொல்ல வந்தது பாதியில் கேலியாக இல்லாமல் போயிற்று. "போயி அந்தப் பட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க. அந்த மனுசனுக்கும் எழுதுங்க."

செப்டம்பர் இரண்டாம் தேதி சேலத்துக்குப் போய்க் குருமூர்த்தியின் கடையில் சொன்னார். குருமூர்த்தி சேலையை மடித்துக்கொண்டே கேட்டார். ஒரு கணம் கை நின்றது.

"என்ன மேஸ்திரி, இப்ப வந்து சொல்றீங்க? எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சு. வண்டி ஓடுது இல்ல?"

"அந்தக் குரூப்புல போடுங்க சார். தப்பு என்னுதுன்னு."

"அந்தக் குரூப் இப்ப இல்லீங்களே. ரெண்டு பேரு சண்டை போட்டுக் கலைச்சுட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "பார்க்கிறவங்ககிட்டச் சொல்றேன். சரிதானே? டீ சாப்பிடுங்க."

மாதேஸ்வரன் டீ சாப்பிட்டார். ஒருவர் தலையில் ஏற்றும்போது நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இறக்கும்போது ஒருவர் இருந்தார், அவருக்கும் மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் ராய்ப்பூருக்குக் கடிதம் போட்டார். நான்கு பக்கம். எதையும் குறைக்காமல், நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற சொல்லைச் சேர்க்காமல் எழுதினார். செப்டம்பர் இருபத்து மூன்றில் பதில் வந்தது.

'அண்ணனுக்கு, கடிதம் இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அன்றைக்குப் பிறகு நான் என் கையை நம்புவதை விட்டுவிட்டேன். இங்கே எதைப் பூட்டினாலும் பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாலு சிலிண்டரும் உண்மையில் என்ன அளவு? மூன்றாவது மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் லேசாக இறங்கியது என்று எனக்கு ஞாபகம். அது சரியா? அளவு எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.'

மாதேஸ்வரன் பத்து நாள் தேடினார். நோட்டில் இல்லை என்று தெரிந்தும் பக்கங்களைப் புரட்டினார், ஓரங்களைப் பார்த்தார், அந்த மாதத்துப் பில் கட்டையைப் பிரித்தார். காயலான் கடைக்குப் போனார். ஐந்து வருடத்துக்கு முன் போட்ட நாலு ஸ்லீவைக் கேட்ட கிழவரைக் கடைக்காரன் மேலும் கீழும் பார்த்தான். குருமூர்த்தியின் மேசை மேல் பழைய பிஸ்டன் ஒன்று பேனா வைக்கும் குவளையாக நின்றது. அதை வாங்கி அளந்தார். பிஸ்டன் அளவு முன்பே தெரிந்ததுதான். சிலிண்டர் அளவை எந்தப் பிஸ்டனும் சொல்லாது.

மூன்றாவது சிலிண்டர். அவர் கண்ணை மூடி அந்த வியாழக்கிழமையைக் கூட்டிவர முயன்றார். கல்லின் சத்தம் வந்தது, எண்ணெய் வாடை வந்தது. கேஜின் முள் எங்கே நின்றது என்பது வரவில்லை.

"ஆறுன்னு எழுதிப் போடுங்களே" என்றாள் பெருமாயி. "மூணாவது மட்டும் ஆறு. அந்த மனுசன் சொன்னது நெசம்னு ஆயிரும். பாவம், நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

"அது தெரியாதே."

"தெரியாட்டி என்னங்க? அன்னிக்குத் தெரிஞ்சே மாத்தி எழுதுனீங்க. இன்னிக்கு ஒரு நல்லதுக்கு எழுதப்படாதா?"

அன்றைக்கும் நல்லதுக்குத்தான் எழுதினார். அதை அவளிடம் சொல்லவில்லை. பேனாவை மூடிவைத்தார், திறந்தார். ஆறு என்ற எண்ணை எழுத அரை விநாடிகூட ஆகாது. எழுதினால் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனிதன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வான். அவரால் எழுத முடியவில்லை. அது நேர்மையா, இல்லை பழகிப்போன பிடிவாதமா என்று அவருக்கே விளங்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி எழுதிப் போட்டார். 'நாலும் ஐந்துக்குப் பக்கம் இருந்தது. எழுதி வைக்கவில்லை. மூன்றாவது தனியாக எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உன் கை பிடித்தது உண்மை. எஞ்சின் நின்றது என்னால். ஊருக்கு வந்துவிடு, பட்டறையில் என்னோடு இரு.'

தீபாவளி வந்தது, போனது. தபால்காரர் ஷட்டரைத் தாண்டும்போதெல்லாம் மாதேஸ்வரன் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். அடுத்த கடிதம் இன்லண்ட் தாளில், கால் பக்கத்துக்கு இருந்தது.

'அண்ணனுக்கு, தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். சரி. மாரக்காளை இங்கே கூப்பிட்டுக்கொண்டேன். ஆட்டையாம்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. இங்கே சமையலுக்கு ஆள் வேண்டியிருக்கிறது, அவளுக்கும் சம்பளம் உண்டு. பட்டறைக்குக் கூப்பிட்டீர்கள். வந்தால் தினமும் உங்கள் நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கும், அது என்னால் ஆகாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். அங்கமுத்து.'

மாதேஸ்வரன் அதை நின்றபடியே படித்தார். மெஷின் மேல் ஒரு டிராக்டர் பிளாக் பாதி கடைந்தபடி இருந்தது. அன்று அதை முடிக்கவில்லை. கடிதம் வந்து சேர்ந்த நாள் 18.11.2024, திங்கட்கிழமை.